மேல்வீட்டுக்காரி

எங்கள் வீட்டு நடு அறையில் மல்லாந்து படுத்தால் உட்கூரைப் பலகைகள் தெரியும். எல்லாம் வெளிர்நீலம், என் மாமியார் உயிரோடு இருந்தபோது ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த நிறம். நடுவில் ஒன்று மட்டும் பெயிண்ட் காணாத வெறும் பலகை. புதிதாக வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, “பெயிண்ட் பத்தலையா?” என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். ஒரு மரநாய்க் குடும்பத்துக்காக என் மாமனார் தன் கையாலேயே உடைத்த இடம் அது என்று ஆரம்பித்தால் அவர்கள் காபி ஆறிப்போகும்.

மாமனார் தங்கச் சுரங்கத்தில் ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியின் வாயிலில் நின்று கேஜுக்கு மணி அடித்தவர். ஆட்களைப் பூமிக்கு அடியில் இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டுக்குத்தான் கேஜ் என்று பெயர். மூன்று மணி அடித்தால் கூண்டில் ஆள் இருக்கிறது, பார்த்து இழு என்று பொருள். மற்ற மணிக் கணக்கையும் எனக்குச் சொல்லியிருக்கிறார், எல்லாம் மறந்துபோயிற்று. ஊரில் அவர் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, பெல்லுக்காரர் என்றால்தான் வழி காட்டுவார்கள். ஷிப்ட் முடிந்து கடைசி ஆள் மேலே வந்த பிறகே பெல்லுக்காரர் வீட்டுக்குப் போக முடியும். சுரங்கத்தை மூடிவிட்டார்கள், ஆனால் அந்தப் பழக்கத்தை அவரிடமிருந்து யாராலும் மூட முடியவில்லை. கல்யாணப் பந்தியில் கடைசி ஆள் எழுந்த பிறகுதான் கை கழுவுவார். அவரோடு பஸ்ஸில் போனால் நாங்கள் எல்லாரும் இறங்கி, நடத்துநர் விசில் ஊதி, வண்டி நகரப்போகும்போதுதான் அவர் கால் படியில் வரும். புதிதாகக் கல்யாணமாகி வந்த எனக்கு இதெல்லாம் பெரிய எரிச்சல்.

சுரங்கத்துக்காரர்கள் கொடுத்திருந்த லைன் வீட்டை விட்டுவிட்டு, ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பங்காருபேட்டை போகும் சாலையை ஒட்டி, ஊர் முடிகிற இடத்தில் அவர் கட்டிய வீடு இது. பின்னால் கேழ்வரகுக் கொல்லை, அதற்கும் பின்னால் பாறையும் முள்ளுப் புதரும். பாம்பு, கீரி, மயில், குரங்கு என்று எல்லாமே எங்களுக்கு முன்னால் குடியிருந்தவை, பட்டா மட்டும்தான் அவற்றிடம் இல்லை. கூரை சிமெண்ட் ஷீட். சூடு தாங்கவில்லை என்று மாமியார் சொன்னதால் உள்ளே பலகை அடித்து, காற்றுப் போவதற்காகப் பக்கச் சுவரின் உச்சியில் சதுரமாக ஓர் ஓட்டை விட்டிருந்தார். சப்போட்டா மரத்தின் கிளை ஒன்று அந்த ஓட்டை வரைக்கும் நீண்டிருந்தது. மரநாய்க்கு இதைவிட நல்ல வீடு எங்கே கிடைக்கும்?

தலைப்பிரசவம் முடிந்து, கைக்குழந்தையோடு தாய்வீட்டிலிருந்து நான் திரும்பி வந்தது சித்திரை வெயிலில். வந்த அன்று சாயங்காலமே வீடெல்லாம் வாசனை அரிசி வடித்த மணம். மருமகள் வந்த சந்தோஷத்தில் மனுஷர் சமையலில் இறங்கிவிட்டார் என்று எனக்கு ஒரே பூரிப்பு.

“மாமா, பிரியாணியா பண்ணீங்க?”

“நானு எங்கம்மா பண்ணேன்? ரசம்தான் கீது.”

அப்போதுதான் தலைக்கு மேல் யாரோ மெத்தென்று நடந்துபோகும் சத்தம் கேட்டது. அவர் அண்ணாந்து பார்த்து, “மரநாய். அது மேல அடிக்கற வாசம்தான் இது” என்றார். மறுநாள் தூளிக்கு நேர் மேலே நீலப் பலகையில் ஈரம் பரவியிருந்தது. அன்று மத்தியானம் அதிலிருந்து ஒரு சொட்டு, குழந்தையின் கால்மாட்டில் விழுந்தது. நான் போட்ட கூச்சலில் குழந்தை அழுதது, மேலே இருந்த மரநாய் ஓடியது, மாமனார் மட்டும் அசையாமல் ஈரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என் கணவர் ஞாயிறு என்றுகூடப் பார்க்காமல் விடியற்காலை ரயிலுக்குப் பெங்களூர் போனால் இருட்டிய பிறகு வருவார், அதனால் இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை. வந்தவர் என் அண்ணன். கடைவீதியில் வியாபாரம் செய்பவர், எதையும் நின்ற நிலையில் முடித்துவிட வேண்டும் அவருக்கு. “ரெண்டு வாழப்பழத்துல மருந்து வெச்சா வேல முடிஞ்சுது. இதுக்குப் போயி இன்னா யோசன?” என்றார். நானும் அதைத்தான் சொன்னேன். பெற்று மூன்று மாதம் ஆகாத உடம்பு, தூக்கமில்லாத கண், எனக்கு அப்போது தர்ம நியாயம் எதுவும் காதில் ஏறாது.

மாமனார் அண்ணனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: “மருந்து வெச்சா அது எங்க போயி சாவும்னு யாருக்குமா தெரியும்? உள்ளாறயே செத்துப்பூட்டா? உள்ள இருக்கறவங்கள வெளிய வரவெச்சிதான் மூடணும். அதுவா போவட்டும், நான் பண்றேன்.” அண்ணனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும், அதற்குள் அது போகாவிட்டால் என்னையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு போய்விடுவதாகவும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். போய்விடலாம் என்றுதான் எனக்கும் இருந்தது. மாமியார் போன பிறகு அந்த வீட்டில் மறுபடியும் ஒரு குரல் கேட்டது என்றால் அது என் குழந்தையின் அழுகைதான். தூளிக் கயிற்றைக் காலில் கட்டிக்கொண்டு ஆட்டியபடியே அவர் பேப்பர் படிப்பார். ஞாயிற்றுக்கிழமை என்றதும் அந்தக் கால் நின்றதைப் பார்த்தேன்.

மறுநாளே வேலையைத் தொடங்கினார். தூளியை என் படுக்கை அறைக்கு மாற்றினார். கீழே விழுந்து கிடந்த சப்போட்டாப் பழங்களைப் பொறுக்கிக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளினார். கூரையைத் தொட்ட கிளையை மட்டும் அறுத்தார். “அப்ப அது எப்படி இறங்கும்?” என்று கேட்டேன். செவுத்துல இறங்கும், சமத்து கழுத என்றார். பிறகு ஓட்டை வழியாக ஒரு பல்பை உள்ளே தொங்கவிட்டு, அது தூங்குகிற பகல் முழுக்க எரியவைத்தார். பக்கத்தில் பழைய ரேடியோவையும் வைத்தார். பட்டுப்பூச்சி வளர்ப்பது பற்றிக் கன்னடத்தில் யாரோ மணிக்கணக்காகப் பேச, மேலே ஒரு சத்தமும் இல்லை. “கேட்டுக்கினு கீது போல” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று குழந்தையின் துணியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். அன்றுதான் அதற்கு மேல்வீட்டுக்காரி என்று பெயர் வைத்தேன்.

சனிக்கிழமை அந்தி. கொல்லையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ஓட்டையிலிருந்து ஒரு கரிய தலை வெளியே வந்தது. கண்ணைச் சுற்றித் திட்டு, நீண்ட வால். சுவரில் தலைகீழாக இறங்கி, மதில் மேல் நடந்து, புதருக்குள் போனாள். அவர் உடனே ஏணியை வைத்து ஏறி, ரேடியோவையும் பல்பையும் வெளியே எடுத்தார், தயாராக வெட்டி வைத்திருந்த தகரத்தை ஓட்டையில் வைத்து ஆணி அடித்தார். இறங்கி வந்தபோது முகத்தில் ஷிப்ட் முடித்த களை.

“குட்டி எதுவும் இருக்காதா மாமா?” என்று கேட்டேன்.

“இருந்தா முன்னாடியே போயிருக்கும்மா. கீழ வேல செய்யறப்போ மேஸ்திரி எப்பவும் கடைசிலதான் ஏறுவாரு. ஆளுங்கள அனுப்பிட்டு அப்பாலதான் அவரு. பெருசு வந்துட்டுதுன்னா உள்ள ஒண்ணியும் இல்லன்னு அர்த்தம்.”

வாழ்நாள் முழுக்க ஷாஃப்ட் வாயிலில் நின்று பார்த்த மனிதர் அவ்வளவு உறுதியாகச் சொன்னால் யார் எதிர்த்துப் பேசுவது? அந்தச் சட்டத்தை மரநாய்க்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. குட்டிக்கு இரை தேட முதலில் வெளியே வருகிறவளே தாய்தான் என்பது, தாயாகிவிட்ட எனக்காவது உறைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மிக லேசாக ஓர் அழுகைச் சத்தம். மார்பு கனத்து, ரவிக்கை நனைந்துவிட்டது. பிள்ளை பசியில் அழுகிறது என்று அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குள் ஓடினேன். தூளியில் அது வாயைத் திறந்தபடி நல்ல தூக்கத்தில் இருந்தது. அழுகை மறுபடியும் கேட்டது, நடு அறையிலிருந்து, தலைக்கு மேலேயிருந்து. எனக்கு மறுபடியும் பால் சுரந்தது. யார் பிள்ளை என்று பாலுக்குத் தெரியவில்லை. நனைந்த ரவிக்கையோடு நடு அறையில் நின்ற என்னால் அழாமல் இருக்க முடியவில்லை. மூன்று நாளைக்கு முன்னால் நான்தான் மருந்து வைக்கச் சொன்னேன்.

“மாமா, உள்ள இருக்குது” என்று கத்தினேன்.

அவர் ஓடி வந்தார். கேட்டார். அந்த முகம் போன போக்கை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வெளியே ஓடித் தகரத்தைப் பார்த்தார். விளிம்பெல்லாம் கீறல், ஒரு மூலை வளைந்திருந்தது. இரவெல்லாம் தாய் போராடிவிட்டு, விடிந்ததும் எங்கேயோ ஒதுங்கியிருக்கிறாள். தகரத்தைப் பிடுங்கிவிட்டால் போதும், அந்தியில் வருவாள் என்றுதான் நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். “அந்தி வரைக்கும் தாங்காதும்மா. ஷீட்டு காஞ்சா உள்ள அடுப்பு.” அது உண்மைதான், சித்திரை மத்தியானத்தில் அந்தக் கூரையைக் கையால் தொட முடியாது. பால் குடிக்காத குட்டிகள் அதற்கடியில் எத்தனை நேரம் இருக்கும்?

ஓட்டை சிறியது, ஆள் நுழைய முடியாது. நடு அறையில் மேசையைப் போட்டு ஏறி, கடப்பாறையின் நுனியை நீலப் பலகையின் இடுக்கில் கொடுத்தார். ஒரு கணம் நின்றார். மாமியார் இந்த நிறத்துக்காகக் கடை கடையாக அலைந்ததை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். பிறகு ஒரே நெம்பு. பலகை பிளந்து கீழே விழுந்தது, கூடவே தூசியும் சப்போட்டாக் கொட்டைகளும். பழைய துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு இருட்டுக்குள் துழாவி ஒரு குட்டியை எடுத்தார். உள்ளங்கை அளவு, கண் அப்போதுதான் திறந்திருந்தது. இன்னொன்றையும் எடுத்தார். பருத்திச் சேலை விரித்த கூடையில் இரண்டையும் வாங்கி வைத்தேன். அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவர் இறங்கவில்லை. விரல் முட்டியால் மீதிப் பலகையில் மூன்று முறை தட்டினார். காதை வைத்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் நின்றார். மூலையில் எங்கேயோ, கீச்சென்று ஒரு சத்தம்.

“கீது” என்றார். உடைத்த இடத்தின் வழியே தோள் வரைக்கும் கையை விட்டு மூன்றாவதையும் கொண்டுவந்தார்.

கூடையைக் கொல்லையில் நிழலான மூலையில், மதில் மேல் வைத்தார். பூனையும் காக்கையும் அண்டாதபடி பகல் முழுக்கத் தள்ளி நின்று காவல். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. மத்தியானம் சொன்னபடியே அண்ணன் வந்தார், ஆட்டோ வாசலில் நின்றது. “கெளம்பு” என்றார். “இன்னிக்கு முடியாதுண்ணா, குட்டிங்கள அவங்கம்மா வந்து இட்டுக்கினு போவணும்” என்றேன். அண்ணன் என்னையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தார். மாமனாருக்குச் சரியான மருமகள்தான் என்று முணுமுணுத்துவிட்டு, வந்த ஆட்டோவிலேயே திரும்பினார்.

வெயில் தாழ்ந்து, வெளிச்சம் மங்கும் நேரத்தில் அவள் வந்தாள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் குழந்தைக்குப் பால் கொடுத்தபடி நான், கொல்லைக் கதவுக்குப் பின்னால் மாமனார். கூடையை முகர்ந்தாள், சுற்றிவந்தாள். என் சேலையின் வாசம் அவளுக்குப் பிடிக்காமல் போய்விடுமோ என்று எனக்குப் பயம். பிறகு ஒன்றைக் கழுத்தில் கவ்விக்கொண்டு போனாள். வந்தாள், இன்னொன்று. மூன்றாவதைத் தூக்கிக்கொண்டு புதருக்குள் மறைந்த பிறகும் அவர் அசையவில்லை. நன்றாக இருட்டிய பிறகு போய்க் கூடையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, கை கழுவி, “சோறு போடும்மா” என்றார். ஓட்டையைப் பலநாள் திறந்தே விட்டு, மூன்று முறை தட்டித் தட்டிக் கேட்டுவிட்டு, பிறகுதான் மூடினார். அதுவும் தகரத்தால் இல்லை, காற்றுப் போகிற மாதிரி கம்பி வலையால். உடைந்த பலகைக்குப் பதில் வேறு போட்டார். நீலம் அடிக்கச் சொன்னால், இருக்கட்டும் என்பார்.

இப்போது அவர் இல்லை. அன்று தூளியில் கிடந்தவன் பெங்களூரில் படிக்கிறான். நடு அறைக்கு ஏசி போட வேண்டும், அதற்கு அந்த ஓட்டையைச் சிமெண்ட் பூசி ஒரேயடியாக அடைக்க வேண்டும் என்று போனிலேயே ஏற்பாடு செய்துவிட்டான். வலை எப்போதோ துருப்பிடித்துக் கொட்டிப்போயிருந்தது. போன வாரம் கொத்தனார் வந்து ஏணியை வைத்தார். கலவையைக் குழைத்துக் கரண்டியை எடுத்தவரை, கொஞ்சம் இருங்க என்று நிறுத்திவிட்டு, நடு அறைக்குப் போய் மேசை மேல் ஏறினேன். முட்டி வலிக்கிற வயதில் எனக்கு இது தேவைதானா? வெறும் பலகையில் மூன்று முறை தட்டினேன். காதை வைத்தேன். ஒன்றுமில்லை. வெயிலில் ஷீட்டு நெட்டி முறிக்கிற சத்தம் மட்டும்.

கொத்தனார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “இன்னாமா, உள்ள யாராவது கீறாங்களா?” என்று சிரித்தார்.

“யாரும் இல்லீங்க.”

“அப்ப மூடிடட்டா?”

வாய் வரைக்கும் வந்த ‘சரி’ அங்கேயே நின்றுவிட்டது. “நாளைக்கு மூடிக்கலாம்” என்றேன். “எங்க வீட்டுப் பெல்லுக்காரரு எல்லாரும் போன அப்பாலதான் கிளம்புவாரு. இன்னிக்கு ஒரு ராத்திரி தெறந்தே இருக்கட்டும்.”