பைஜாமா நாடாவில் எரிந்த நேர்த்திக்கடன்

தெருவுக்கே துணி தைத்துக் கொடுக்கும் தையலக்கா ஆண்டவருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து நல்லபடியாக நடந்து வீடு திரும்பினால், ஜெபக்கூடத்தில் இருபது மெழுகுவத்தி ஏற்றுவேன், அத்தனையும் என் கையால் செய்தவை என்று. அண்ணன் நடந்தே வந்துவிட்டார். ஞாயிறு மாலை நன்றி ஜெபம். கடையில் வாங்கிக் கொடுத்தாலும் ஊருக்குத் தெரியாது. ஆனால் ஆண்டவருக்குத் தெரியுமே!

செலவில்லாமல் செய்ய வழி இருந்தது. தெருவில் வீடு வீடாகக் கேட்டு வாங்கிய மெழுகுவத்தித் துண்டுகளைத் தகர டப்பாவில் போட்டு, கொதிக்கும் தண்ணீருக்குள் உட்காரவைத்து உருக்கினார். அச்சுக்கு நூல் தீர்ந்த அட்டைக் குழல்கள் ஒரு பை நிறையக் கிடந்தன. உள்ளே எண்ணெய் தடவி, அடியை டேப்பால் மூடினார். திரியின் ஒரு முனையில் சட்டைப் பொத்தானைக் கட்டி இறக்கினார். மறு முனையைக் கொண்டை ஊசி பிடித்துக்கொண்டது.

ஞாயிறு காலை அட்டையை உரித்தால், இருபதும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தன. ஒன்றைக் கொளுத்திப் பார்த்தார். திரி புழுவைப் போலச் சுருண்டு, பொசுக்கென்று அணைந்தது. இன்னொன்றும் அப்படியே.

பார்த்துக்கொண்டிருந்த அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன நாத்தனாரே, உங்க மெழுகுவத்திக்கு வெக்கம் ஜாஸ்தியோ? தலையக் காட்டுறதும் ஒளியறதுமா இருக்கு!"

"கேலி பண்ணாதீங்க அண்ணி. இருக்கறதுலயே நல்ல நூலாப் பாத்துத்தான் திரிச்சேன். எவ்வளவு இழுத்தாலும் அறாது."

"அறாதுன்னா... பாலியஸ்டரா?"

தையலக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். துணிக்கு உயிராக இருக்கிற நூல், நெருப்பைக் கண்டால் உருகி ஓடிவிடும். புத்தி முழுக்கத் தையல் மிஷினிலேயே கிடந்தால் வேறென்ன நடக்கும்?

பருத்தி வேண்டும். கடையோ விடுமுறை. நூல் பெட்டிகளைக் கவிழ்த்துக் கொட்டினார், எல்லாம் பாலியஸ்டர். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஆண்டவரே, நீரே வழிகாட்டும்" என்று நிமிர்ந்தவர் கண்ணில், கொடியில் ஆடிய பைஜாமாவின் வெள்ளை நாடா பட்டது. அசல் பருத்தி! வீட்டில் அப்படி நான்கு இருந்தன.

"ஏங்க, உங்க நாடா கொஞ்சம் வேணும்!"

பஸ் ஓட்டுகிற கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எடுத்துக்கோ, எடுத்துக்கோ."

நான்கையும் உருவி, மெழுகை மறுபடி உருக்கி, புதுக் குழல்களில் ஊற்றி, ஃபிரிட்ஜில் நிறுத்தினார். மாலைக்குள் இறுகிவிட்டன. மாற்று நாடா கோக்கத்தான் மறந்துபோனது. கணவரின் பேன்ட் இரண்டும் வாளியில் ஊறிக்கொண்டிருந்தன.

ஆறு மணிக்கு முதல் மெழுகுவத்தியை அண்ணனே ஏற்றினார். இருபதும் நிமிர்ந்து நின்று எரிந்தன. தையலக்காவின் கண் நிறைந்தது.

"எல்லோரும் எழுந்து, இரு கைகளையும் உயர்த்திப் பாடுவோம்" என்றார் போதகர்.

கூட்டமே எழுந்தது. கணவர் மட்டும் ஒரு கையை உயர்த்தினார். மறு கை இடுப்பை விடவில்லை.

"என் மானம் அங்க இருபது துண்டா எரியுது, பாத்தியா?" என்று பல்லைக் கடித்தார்.

"ஆண்டவருக்கு உங்க பங்கும் போயிடுச்சுங்க" என்று கிசுகிசுத்த தையலக்கா, கொண்டையிலிருந்து ஊசியை உருவி அவர் பைஜாமாவில் குத்தினார். "இப்ப ரெண்டு கையையும் தூக்குங்க."