பிள்ளைப்பேற்றுக்கு வளர்த்த கோழிகள்

பாகலூரில் கெம்பம்மாவிடம் வாயைக் கொடுத்துவிட்டு மரியாதையோடு வீடு திரும்பியவர்கள் குறைவு. கம்பெனி பஸ்ஸில் இடம் பிடிப்பதிலிருந்து ரேஷன் கடை வரிசை வரைக்கும் அவள் நாக்கு முதலில் போகும், ஆள் பின்னால் வருவாள். தமிழில் ஆரம்பிப்பாள், கோபம் ஏறினால் கன்னடத்துக்குத் தாவுவாள், எதிராளி தெலுங்குக்காரராக இருந்தால் அவருக்கென்று இரண்டு வார்த்தை தெலுங்கிலும் போட்டுத்தான் முடிப்பாள். கொஞ்சம் வாய்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்கிற கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்டில் தரை துடைத்து ஒற்றை மகளைப் படிக்கவைத்துக் கட்டிக் கொடுத்தவள். அந்த வாயையும் விட்டுவிட்டால் அவளுக்கு வேறு என்ன காவல் இருக்கிறது?

அந்த வாய்தான் அவளை மாட்டிவிட்டது. மகள் ஸ்வாதிக்கு ஏழாம் மாதம் வளையல் அடுக்கிய அன்று, காவேரிப்பட்டினத்துச் சம்பந்தி வெங்கடம்மாள் நாலு பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தாள்.

"தலப்பிரசவம் தாய்வீட்லதான், அது மொற. ஆனா ஓசூர் பக்கம் இப்ப எல்லாம் பிராய்லர்தானாமே? புள்ள பெத்த ஒடம்புக்கு அத ஆக்கிப் போட்டா என்னாத்துக்கு ஆவும்?"

கேள்வி பொதுவாகத்தான் வந்தது. போய் விழுந்த இடம் எல்லோருக்கும் தெரிந்தது.

"எம் பொண்ணு தட்டுல ஒரு துண்டு பிராய்லர் விழுந்துச்சுன்னா எம் பேரு கெம்பம்மா இல்ல, சம்பந்தியம்மா. நீங்களே வந்து பாத்துட்டுப் போங்க," என்றாள் கெம்பம்மா.

சொன்ன கையோடு எட்டு நாட்டு விடைக்கோழிகளை வாங்கிவந்து கொல்லைப்புறத்தில் விட்டாள். கம்பும் சோளமும் போட்டாள். ஷிஃப்டுக்குப் போகும்போதும் வரும்போதும் ஒவ்வொன்றையும் எண்ணினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேறு ஸ்வாதிக்கு ரத்தம் கம்மி, நல்லா சாப்பிடட்டும் என்று சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு கோழி வளர்ப்பு வெறும் வீம்பாக இல்லை, வேண்டுதல் மாதிரி ஆகிவிட்டது.

மார்கழி கடைசியில் பனி இறங்கியது. பாகலூர்ப் பனியைப் பற்றிச் சமவெளிக்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள், காலை எட்டு மணிக்கும் எதிர் வீடு தெரியாது. முதலில் ஒரு கோழி தும்மியது. இரண்டு நாளில் கூடு முழுக்கக் கர்ர் கர்ர் என்று இழுக்கிற சத்தம். மூக்கில் நீர், கண்ணோரத்தில் நுரை. பக்கத்து வீட்டு நாராயணம்மாவின் கோழிகளுக்கும் அதே கதை. "அந்தா, எல்லாம் சளிதான்க்கா, பனி போனா போயிரும்," என்றாள் அவள் பாதித் தெலுங்கில்.

கெம்பம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறவளா? யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ கட்டி அவிழ்த்த ஃபிளெக்ஸ் பேனர் ஒன்று பரணில் கிடந்தது. அதை எடுத்துக் கூட்டைச் சுற்றி இண்டு இடுக்கு இல்லாமல் இழுத்துக் கட்டினாள். உள்பக்கமாக மாப்பிள்ளையும் பெண்ணும் கோழிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பச்சைக் குழந்தைக்குக் குளிப்பாட்டிவிட்டுப் போடுகிற மாதிரியே தணல் அள்ளி, சாம்பிராணியும் வசம்பும் தூவி, காலை ஒரு வேளை மாலை ஒரு வேளை உள்ளே புகை போட்டாள். ஸ்வாதி பிறந்தபோது அவளுக்கு எப்படிப் போட்டாளோ அதே பக்குவம்.

கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு மூச்சுவிட்டன. சரி, சளி இளகுகிறது என்று நினைத்து இன்னொரு கைப்பிடி சாம்பிராணி போட்டாள். நான்காம் நாள் ஒன்று செத்தது. ஐந்தாம் நாள் இரண்டு.

"ம்மா, டாக்டர்கிட்ட எடுத்துக்கினு போ," என்றாள் ஸ்வாதி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்று.

"கோழிக்கு டாக்டரா? ஊரே சிரிக்கும்டி."

"சிரிச்சா சிரிக்கட்டும். மிச்சம் அஞ்சுதான் இருக்கு."

மறுநாள் ஷிஃப்டுக்குப் போகிற வழியில், கம்பெனிச் சட்டையோடேயே, கூடையில் ஒரு செங்கோழியை வைத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனாள். இரண்டு மாடும் ஓர் ஆடும் முன்னால் நின்றன. மாட்டுக்காரர்கள் கூடையைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்தார்கள். அவள் முறைத்த முறையில் நிறுத்திக்கொண்டார்கள்.

டாக்டர் பிரியதர்ஷினி சின்ன வயசுக்காரி. கோழியை வாங்கி அதன் முதுகைத் தன் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டாள். அலகைத் திறந்து பார்த்தாள்.

"பச்சையா கழியுதா? கழுத்து திருகுதா?"

"இல்லீங்க மேடம். சளிதான். இழுக்குது."

"சரி, இது மூச்சுக்குழல்ல வர்ற சளி நோய். மருந்து இருக்கு. கூட்டை எப்படி வெச்சிருக்கீங்க?"

கெம்பம்மா பெருமையோடு சொன்னாள். பேனரைச் சொன்னாள், சாம்பிராணியைச் சொன்னாள், ஒரு வேளைகூட விட்டதில்லை என்பதையும் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவள் சட்டையைப் பார்த்தாள்.

"கம்பெனியில என்ன வேலைங்க?"

"பெயிண்ட் அடிக்கிற செக்‌ஷன்ல கிளீனிங், மேடம்."

"அங்க எக்ஸாஸ்ட் ஃபேன் நின்னுபோச்சுன்னா?"

"அய்யோ, அஞ்சு நிமிஷம் நிக்க முடியாதுங்க. கண்ணு எரியும், நெஞ்சு அடைக்கும். எல்லாத்தையும் வெளிய தொரத்திருவாங்க..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

"பச்சக் கொழந்தைக்கே போடறோமே மேடம்," என்றாள் கடைசியில், குரல் இறங்கி.

"அதுக்கும் வேணாம்தாங்க. இந்தக் கோழிங்களுக்கு ஏற்கெனவே மூச்சு இல்ல. எச்சத்தோட நெடியும் உள்ளேயே நிக்கும், அதுமேல புகை. பேனரைக் கழட்டுங்க, மேல மட்டும் மறைப்பு போதும். மருந்தை அஞ்சு நாள் தண்ணியில கலந்து குடுங்க. இன்னொண்ணு, மருந்து முடிஞ்சப்புறம் ரெண்டு வாரத்துக்கு முட்டையும் கறியும் யாரும் சாப்பிடக் கூடாது. மருந்து ஒடம்புல நிக்கும். வீட்ல புள்ளத்தாச்சி யாராச்சும் இருக்காங்களா?"

"இருக்காங்க," என்றாள் கெம்பம்மா.

அன்றைக்கு அவள் ஷிஃப்டுக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து பேனரைக் கிழித்து எறிந்தாள். கூட்டுக்குள் தலையை நீட்டியதும் கண் கரித்தது, தொண்டையைப் பிடித்தது. இத்தனை நாளும் தணலை உள்ளே தள்ளிவிட்டுத் தான் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தது அப்போதுதான் உறைத்தது. கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்பார்கள். சாகும். மூன்றைச் சாகடித்தாயிற்று. யாரிடமும் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. கூட்டைக் கழுவி, சுண்ணாம்பு தூவி, மருந்துத் தண்ணீரை வைத்துவிட்டு வந்து பேசாமல் படுத்துக்கொண்டாள்.

கோழிகள் தேறின. ஐந்தும் தேறின. மருந்து முடிந்த இரண்டாம் நாள் ஸ்வாதிக்கு வலி கண்டது. டாக்டர்கள் சொன்ன தேதிக்குப் பதினைந்து நாள் முன்னதாகவே ஓசூர் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. தாய்க்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் வெளிறிப்போன முகத்தோடு ஸ்வாதி வீடு வந்தாள். "நாளைக்கு வரேன்" என்று வெங்கடம்மாளிடமிருந்து போன் வந்தது.

கெம்பம்மா வேறு கோழிக்கு அலையாமல் இல்லை. அக்கம்பக்கத்தில் எல்லாக் கூட்டிலும் இருமல். கடையில் நாட்டுக்கோழி என்று தொங்கவிட்டிருப்பது பேருக்குத்தான் நாட்டுக்கோழி என்று அவளுக்குத் தெரியும், வெங்கடம்மாளுக்கும் ஒரு வாய் தின்றால் தெரிந்துவிடும்.

மறுநாள் காலை அரிவாள்மணையைக் கழுவி வைத்துவிட்டுச் செங்கோழியைப் பிடித்தாள். கனமான கோழி. நெஞ்சில் கைவைத்தாள், மூச்சு சீராக ஓடியது. யாருக்குத் தெரியப்போகிறது? இரண்டு வாரக் கணக்கு டாக்டருக்கும் தனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். உள்ளே மகள் வெறும் ரசத்தைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நாலு பேர் நடுவில் சொன்ன சொல் வேறு. பெற்ற மனசு எதைத்தான் கேட்கும்? உள்ளே குழந்தை சிணுங்கியது, ஸ்வாதி பாலுக்கு எடுத்து அணைக்கிற சத்தம் கேட்டது. கெம்பம்மா கோழியைக் கீழே விட்டாள். அது இறக்கையை உதறிக்கொண்டு போய்க் குப்பையைக் கிளறியது.

பத்து மணிக்கு வெங்கடம்மாள் வந்தாள். கால் கழுவினாள், பேத்தியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள், கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"கோழிங்க நல்லா கொழுகொழுன்னு இருக்குதே. எத அடிக்கப் போறீங்க, சம்பந்தியம்மா?"

"ஒண்ணையும் அடிக்கல."

வெங்கடம்மாளின் புருவம் மேலே போனது. கெம்பம்மா தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். சளி வந்ததை, பேனர் கட்டியதை, புகை போட்டதை. "மூணு கோழிய நாந்தான் மூச்சுமுட்ட வெச்சுச் சாவடிச்சேன்," என்பதையும் சொன்னாள். "மிச்சம் இருக்கறதுக்கு மருந்து குடுத்திருக்குது. இன்னும் பத்து நாள் ஆவணும். பால் குடுக்கறவ திங்கக் கூடாது. நான் பேசுன பேச்சுக்கு நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

ஸ்வாதி கதவைப் பிடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள். அவளுக்கும் இது புதுச் செய்தி.

"இத நீங்க சொல்லாமயே அடிச்சுப் போட்டிருக்கலாமே," என்றாள் வெங்கடம்மாள் மெதுவாக. "எனக்கென்ன தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே."

வெங்கடம்மாள் பேத்தியின் மூடிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள்.

"நானா இருந்தா அறுத்துக் கொழம்பு வெச்சிருப்பேன், சம்பந்தி," என்றாள். "நாலு பேர் முன்னால பேசிட்டமேன்னு பயந்துக்கினே வெச்சிருப்பேன். அவளும் தின்னிருப்பா, இதுவும் குடிச்சிருக்கும்."

அப்படிச் சொல்லிவிட்டு, வந்ததிலிருந்து யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த குழந்தையைத் தூக்கிக் கெம்பம்மாவின் மடியில் போட்டாள். மகனுக்குப் போன் செய்து தான் பத்து நாள் இங்கேயேதான் என்று சொன்னாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆட்டுக்கால் எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று ஸ்வாதியிடம் விசாரித்தாள்.

கெம்பம்மாவுக்கு மட்டும் அழுகை நிற்கவில்லை. செத்துப்போன மூன்று கோழிக்காக அன்றைக்குத்தான் அவள் அழுதாள்.