கழுவாத குடல்

எங்கள் கால்நடை ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தபோது சலோமேவுக்கு ஐம்பத்தொரு வயது. அதுவரை இலோய்லோ நகரின் ஹாரோ சந்தையில் பன்றிக் குடலைக் குச்சியில் கோத்துச் சுட்டு விற்றவள். கரிப்புகை நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. இனி அடுப்பருகே நின்றால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். குடலைக் கிழிக்காமல் கையாளத் தெரிந்த ஆள் வேண்டுமென்று எங்கள் ஆய்வை நடத்தும் டாக்டர் பல்மாரெஸ் அவளைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டார். வேலை நிலைக்காவிட்டால் மறுபடி புகைதான்.

நான் அங்கே பதிவெழுத்தர். சிறியவர் பெரியவர் எல்லாரும் அவளை ‘மனாங்’ என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் ஊரில் மூத்தவளை வேறெப்படிக் கூப்பிடுவது?

சீக்கிரமே பால்குடி மறக்கடித்த பன்றிக்குட்டிகள் கழிந்து கழிந்து செத்துக்கொண்டிருந்தன. காரணம் குடலின் உட்சுவரில் இருக்கும் என்பது டாக்டரின் எண்ணம். முதல் தொகுதிக் குடல்கள் வந்தன. “சுத்தமா எடுத்துக் குடுங்க மனாங்” என்று சொல்லிவிட்டு அவர் கூட்டத்துக்குப் போனார்.

திரும்பி வந்து உருப்பெருக்கியில் கண் வைத்தவர் கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“மனாங், உள்பக்கம் வழவழன்னு ஒரு வழும்பு இருக்குமே, எங்க?”

“எடுத்துட்டேன் டாக்டர். உப்பும் காடியும் போட்டு மூணு தண்ணி அலசினேன். ஒரு பொட்டு இல்ல.”

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். “நான் பாக்க வேண்டியதே அந்த வழும்பைத்தான்.”

தப்பு தன்மேலும் உண்டு, சொன்ன விதம் சரியில்லை என்றார். பிறகு அவளையும் உருப்பெருக்கியில் பார்க்கவைத்தார்.

“கிண்ணம் மாதிரி வரிசையா தெரியுதா? இந்த செல்லுங்கதான் வழும்பைச் சுரக்குது. அதுதான் வேலி. கிருமி அந்தப் பக்கம், குடல் சுவர் இந்தப் பக்கம். அது மட்டுமில்ல, இதே செல்லுங்க குடலுக்குள்ள இருக்கறதுல துளியூண்டு எடுத்து, பின்னாடி நிக்கிற காவல் செல்லுங்க கிட்ட குடுக்கும். ‘இது நம்ம சோறு, இது நம்ம கிருமி, சும்மா சண்டை போடாதே’ன்னு பழக்கும்.”

“அப்ப நான் வேலியப் பிடுங்கிட்டேன்.”

“இன்னும் ஒரு தொகுதி வருது. அதுவும் போச்சுன்னா இந்த ஆய்வுக்கு நிதி கிடையாது. உங்க வேலைக்கும் என்னால கேக்க முடியாது.”

இம்முறை குடலைத் திறக்கவே கூடாது. உள்ளே சாணம் இருக்க, இரு முனையையும் நூலால் கட்டி, நீர் கலவாத சாராயக் கரைசலில் அப்படியே முக்க வேண்டும். சொட்டுத் தண்ணீர் பட்டாலும் வழும்பு சுருங்கிவிடும்.

“சாணத்தோடவா?” என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள் சலோமே.

மறுநாளிலிருந்து வேலைக்கு வரும்போதே சந்தையில் குடல் வாங்கி வந்தாள். ஆய்வறைக் குழாய் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டுவாள், கட்டுவாள், முக்குவாள். கூண்டு கழுவும் பெர்டிங்குக்கு நல்ல வேடிக்கை.

“மனாங், இப்படியே சுட்டு வித்தா ஈ கூடக் கடன் கேக்காது.”

“உன் கல்யாணத்துக்கு இதுதான் விருந்து, போ.”

சிரித்தாளே தவிர, நூலைக் கட்டியதும் அவள் கை தானாகக் குழாய்ப் பக்கம் போவதை நானே பார்த்தேன். முப்பது வருஷப் பழக்கம். ஒரு நாள் கட்டிய குடலைக் குழாயடிக்கே கொண்டுபோய்விட்டாள். நின்று தன் கையை முறைத்தாள். பிறகு தலைத்துணியை அவிழ்த்துக் குழாய்த் திருகில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

“பெர்டிங், நான் கெஞ்சினாலும் இத அவுக்காதே.”

“அடிச்சா?”

“அப்பவும்தான்.”

இரண்டாம் தொகுதி வந்த காலையில் அவள் சிலுவை போட்டுக்கொண்டு கத்தியை எடுத்தாள். எட்டுக் குட்டிகள்; பாதி தாயோடு வளர்ந்தவை, பாதி மறக்கடித்தவை. ஐந்தாவதை வெட்டும்போது சாணம் கசிந்து மணிக்கட்டில் வழிந்தது. கை குழாய்க்கு நீண்டு, துணியைத் தொட்டு, திரும்பி வந்தது. அழுக்குக் கையோடு மிச்சம் மூன்றையும் முடித்தாள்.

சாயமேற்றிய சில்லுகளை டாக்டர் பார்க்கும்வரை அவள் கதவோரமே நின்றாள். தாயோடு வளர்ந்த குட்டிகளின் குடலில் வழும்பு நீலப் படலமாகத் தடித்துக் கிடந்தது. மறக்கடித்த குட்டிகளில் நைந்து, இடையிடையே கிழிந்து, கிருமிகள் சுவரையே தொட்டுக்கொண்டிருந்தன.

“வேலி தெரியுது மனாங். எங்க பிஞ்சிருக்குன்னும் தெரியுது. அடுத்த வருஷத்துக்கும் உங்களையே கேக்கப் போறேன்.”

சலோமே தலையாட்டினாள். டாக்டர் கை கழுவ எழுந்து, குழாயில் இருந்த துணியைப் பார்த்தார்.

“இனி அவுத்துடலாமே?”

“வேண்டாம் டாக்டர். கைக்கு இன்னும் பழக்கம் விடல. நீங்க வெளிக் குழாய்ல கழுவிக்குங்க.”

டாக்டர் வெளிக் குழாயைத் தேடிப் போனார்.