பூஜையில் வைத்த பிரேஸ்

என் தம்பி முறுக்கு எடுத்தால் கை தட்டுவார்கள். இடது கையால் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். வலது கையில் ஒரு சாக்ஸை மாட்டிவிட்டு, தட்டை இடது பக்கம் நகர்த்தி வைத்து, அம்மாவும் அப்பாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவன் விரல்கள் மெல்லப் பிரிந்து, முறுக்கைத் தவறவிட்டு, மறுபடி பிடித்துவிட்டால் வீடே அதிரும். நான் விவரம் தெரிந்த நாளிலிருந்து இரண்டு கையாலும் முறுக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்காக ஒருவரும் ஒரு தட்டு தட்டியதில்லை.

அவனுக்குப் பிறந்ததிலிருந்தே உடம்பின் இடது பக்கம் இறுக்கம். கை மடங்கியே இருக்கும். குதிகால் தரையில் படாமல் கால் நுனிவிரலில் நிற்கும். அதற்காகச் சென்னையில் அளவெடுத்து ஒரு பிரேஸ் செய்து கொடுத்திருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே தொடங்கி பாதம் வரை கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் கூடு, இழுத்து ஒட்டப் பட்டைகள், மேலே அவனே தேர்ந்தெடுத்த கார் படங்கள். அது நுழைவதற்குப் பெரிய ஷூ, அதுவும் புதுசு. என் ஷூவோ பெரியப்பா மகள் போட்டுத் தேய்த்தது. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பதைப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் முன்பே நான் வீட்டில் படித்துவிட்டேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது சாயங்காலம். விளக்கு ஏற்றியதும் அம்மா பிரேஸைக் கழற்றி, அவன் காலை மடியில் போட்டு, குதிகாலை உள்ளங்கையில் ஏந்திப் பாதத்தை மேலே தள்ளிப் பிடிப்பாள். அவன் சிணுங்குவான். தசை தளரும் வரை அவள் கதை சொல்வாள். பிறகு மறுபடி பிரேஸை மாட்டுவாள். நான் சீப்பும் கையுமாக நின்றால், "செத்த இரு" என்பாள். அந்தச் செத்த நேரம் நான் தூங்கிப்போகும் வரை முடிந்ததே இல்லை. ஒருநாள் நானும் காலை இழுத்து இழுத்து நடந்து பார்த்தேன். "நேரா நட" என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அப்பா ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில், உற்பத்தி லைனில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் அங்கே ஆயுத பூஜை முடிந்து, பொரி மூட்டையும் ஸ்வீட் டப்பாவுமாகக் கம்பெனி பஸ்ஸிலிருந்து மத்தியானமே இறங்கிவிட்டார்.

"இன்னிக்கி லைனே ஓடல. சூப்பர்வைசரே மெஷின் கிட்ட போவல. ஒரு நாளு பொட்டு வச்சி சும்மா உட்டாத்தான் மிச்ச நாளு ஓடும்" என்றார்.

அம்மா சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வீட்டுப் பூஜைக்கு எல்லாவற்றையும் பரப்பினாள். அப்பாவின் ஸ்பேனர், கத்தரிக்கோல், என் புத்தகங்கள். அரிவாள்மனையை மட்டும் ஒதுக்கி வைத்தாள். ஏன் என்று கேட்டேன்.

"ராத்திரிக்கி காய் நறுக்க வாணாமா? வச்சிட்டா காலைல வரிக்கும் எடுக்கக் கூடாதே" என்றாள்.

அடுத்து தம்பியை உட்காரவைத்து, பிரேஸைக் கழற்றித் துடைத்து, கார் படங்களுக்கு நடுவே சந்தனம் குங்குமம் இட்டு, என் புத்தகங்களின் மேல் வைத்தாள்.

"என் புக்கு மேலயா அத வைக்கிற?"

"அதுவும் ஆயுதந்தான்டி" என்றாள்.

கற்பூரம் காட்டி, பொரி தின்னும்போதுதான் அப்பா தம்பியின் வெறுங்காலைக் கவனித்தார்.

"ஏய், பிரேஸ் மாட்டலியா?"

அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, மறந்து போயி பூஜையில வச்சிட்டனே. இனிமே காலைலதான்."

"அது இன்னா புக்கா? எடுத்து மாட்டு."

"நீங்க இன்னிக்கி மெஷின தொட்டீங்களா?"

அப்பா பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

தம்பி நுனிக்காலில் தத்தித் தத்தி வாசலுக்கு ஓடி, பொட்டு வைத்த சைக்கிளின் பெடலைச் சுற்ற ஆரம்பித்தான். சாயங்காலம் விளக்கு ஏற்றினாள் அம்மா. மாட்டப் பிரேஸ் இல்லை என்று அவன் காலையும் பிடிக்கவில்லை; மடி காலியாக இருந்தது. "சீப்ப எடுத்துகினு வா" என்றாள். சாமி கடைசியில் என் பக்கம் வந்துவிட்டார் என்று ஓடினேன். தினமும் அவன் பாதத்தைத் தள்ளித் தள்ளி அவள் கட்டைவிரல் காய்த்துப்போயிருந்தது. வகிடெடுக்கும்போது உச்சந்தலையில் உரசியது. பாதிப் பின்னலில் அவள் கை நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள், சீப்பு கையிலேயே இருந்தது. எனக்கென்று கிடைத்த ஒரே சாயங்காலத்தையும் தூக்கத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாளே என்று ஆத்திரமாக வந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் சிரித்துவிட்டு, பின்னலை அவிழ்த்து முதலிலிருந்து பின்னினாள்.

காலையில் ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்து, பட்டைகளை இழுத்து ஒட்டினாள். எல்லாம் பழையபடி ஆனது. "இன்னிக்கும் பூஜை வைம்மா" என்றேன். "வருசத்துக்கு ஒரு வாட்டிதான்" என்றாள்.

பிரேஸுக்குப் பூஜை போட்டுவிட்டு எடுக்க முடியாமல் முழித்தவள் என்று சொந்தக்காரர்கள் ரொம்ப நாள் அம்மாவைக் கேலி செய்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். வைத்தால் எடுக்க முடியாது என்று அரிவாள்மனையை ஞாபகமாக ஒதுக்கியவள், கையோடு பிரேஸை மறந்துபோய் வைத்தாள் என்று நாங்கள் அத்தனை பேரும் நம்பினோம். அவள் யாருக்கெல்லாம் லீவு விட்டாள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. என் பின்னல் அழகாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.