பைத்தியக்காரி பாதை

ஏணிமேல் நின்று துல்லியோ கடைசித் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தபோது, கீரை பறிக்கக் கூடையோடு வந்த எர்சீலியா கீழே நின்று பலகையைப் படித்தாள். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு கோடுகள், அவற்றின் கீழே கொட்டை எழுத்தில்: 'பைத்தியக்காரி பாதை. கல்லறைகள் வழியாக இரண்டு மணி நேரம்.'

"என்ன துல்லியோ இது?"

"கண்ணு தெரியலையா? பாதைப் பலகை. இனிமே எவனும் வழி தவறிப் போய்க் காட்டுப்பன்னிக்கு நடுவுல நின்னுக்கிட்டு எனக்கு போன் பண்ண மாட்டான்."

"பேரைக் கேக்குறேன்."

"ஊரே அப்படித்தானே சொல்லுது. நானா கண்டுபிடிச்சேன்?"

"அது எங்க அம்மாடா."

துல்லியோ ஏணியிலிருந்து இறங்கினான். தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நொர்பானோ ஊரின் நடைப்பயணச் சங்கத்துக்கு அவன்தான் தலைவர். எர்சீலியாவோடு ஒரே வகுப்பில் படித்தவன். கையைத் துடைத்துக்கொண்டு, சண்டைக்கு வந்த வாடிக்கையாளரிடம் தபால் கவுண்டரில் பேசிய அதே பொறுமையோடு சொன்னான்:

"ரோம்லேருந்து வர்றவனுக்கு அது தெரியவா போகுது? அவனுக்கு அது சும்மா ஒரு பேரு. உங்க அம்மா பேரு இதுல எங்கயாச்சும் இருக்கா, நீயே பாரு."

"இல்ல. அதைத்தான் கேக்குறேன்."

அவள் அம்மாவின் பெயர் பால்மிரா. அந்தப் பெயரைச் சொல்லி ஊரில் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். பைத்தியக்காரி என்றால் சின்னப் பிள்ளையும் ஊருக்குக் கீழே உள்ள பள்ளத்துப் பக்கம் கை காட்டும்.

ஐம்பத்தெட்டாம் வருஷ நவம்பரில், நான்கு வயது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பால்மிரா அந்தப் பள்ளத்துக்குள் இறங்கினாள். கணவன் ஒரெஸ்தே கதவுக்குப் பின்னால் ஒரு தோல்வார் மாட்டி வைத்திருந்தான். அது கழுதைக்கானது அல்ல. பள்ளத்தின் செங்குத்துப் பாறைகளில், ரோமாபுரிக்கும் முந்தைய எத்ருஸ்கர்கள் குடைந்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. ஊர்க்காரர்கள் அவற்றில் தலைமுறை தலைமுறையாகப் பன்றி அடைத்தார்கள், திராட்சை மது வைத்தார்கள். காலியாகக் கிடந்த ஒன்றைப் பால்மிரா பெருக்கினாள். உள்ளே பாறையிலேயே வெட்டிய இரண்டு கட்டில்கள். ஒன்றில் அம்மா, ஒன்றில் மகள். செத்தவர்களுக்காக வெட்டியவை, உயிரோடு படுக்கவும் குறையில்லாமல்தான் இருந்தன.

பால்மிரா காட்டுப்புதரை வெட்டித் துடைப்பம் கட்டி விற்றாள். மென்மையான அந்தப் பாறையில் மழுங்கிய கோடாலியால் ஒரு மாடம் செதுக்கி விளக்கு வைத்தாள். மூன்று குளிர்காலம் அங்கேயே சமைத்தாள். கூரை கறுத்துப்போயிற்று.

கணவன் வீட்டைவிட்டு மனைவி வெளியேறினால் அப்போது சட்டப்படி குற்றம். ஒரெஸ்தே போலீசுக்குப் போவேன், பிள்ளையைப் பறிப்பேன் என்று குதித்தான். பங்குச்சாமியார் ஒருநாள் கல்லறை வாசல்வரை இறங்கி வந்தார், கொஞ்ச நேரம் பேசிவிட்டு மேலே ஏறினார். அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் எல்லார் காதிலும் விழும்படி ஒரெஸ்தேயிடம் சொன்னார்: "அவளுக்குப் புத்தி பிசகிப்போச்சு. பைத்தியத்து மேல கேஸ் போட்டு என்ன கிழிக்கப் போறே? விட்டுடு." அவன் விட்டுவிட்டான். பிறகு பெல்ஜியத்துச் சுரங்கங்களுக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

"சொல்லிட்டுப் போகட்டும்டி," என்பாள் பால்மிரா, துடைப்பத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டே. "பைத்தியத்த யாரும் திரும்பக் கூப்பிட மாட்டாங்க."

அம்மாவுக்கு அந்தப் பெயர் ஒரு கூரை. மகளுக்கு அப்படி இல்லை. இருவரும் மறுபடி ஊருக்குள் வீடெடுத்து வந்தபின்னும் பெயர் கூடவே வந்தது. வகுப்பில் இரண்டு பெஞ்சு பின்னாலிருந்து "பைத்தியத்துக் குட்டி, வாலைக் காட்டு" என்று ஒரு பையன் தினமும் பாடுவான். அந்தப் பையன் துல்லியோ. அவன் அதை மறந்துவிட்டான். மேலத்தெரு ரொட்டிக்கடைக்காரரின் மகன் எர்சீலியாவை நடனத்துக்கு அழைத்தான், இரண்டாம் முறையும் அழைத்தான். மூன்றாம் முறை அவன் அம்மா வந்து, "ரத்தத்துல இருக்கிறது பேரப்புள்ளைக்கும் வரும்மா" என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப்பின் எர்சீலியா பக்கத்து ஊருக்கு பஸ் ஏறினாள். கழிப்பறைப் பீங்கான் செய்யும் தொழிற்சாலையில், ஓய்வு பெறும்வரை விளிம்பு தேய்த்தாள். நாள் முழுக்கக் காது செவிடாகும் இரைச்சல். ஆனால் அங்கே அவள் வெறும் எர்சீலியா.

பால்மிரா செத்து ஒன்பது வருஷமாகிறது. இப்போது பெயரை மரத்தில் செதுக்கி, துரு ஏறாத திருகாணி போட்டு முடுக்கிவிட்டார்கள்.

ஏப்ரலில் கூட்டம் வந்தது. பூட்சும் இரட்டைக் கைத்தடியுமாக, பேருந்து பேருந்தாக. பள்ளத்து வாயிலில் மேசை போட்டு, நடந்து களைத்தவர்களுக்கு அக்வாகொத்தா ஊற்றுவது எர்சீலியாவின் வேலை: காட்டுக்கீரையும் வெங்காயமும் வெந்த நீரைக் காய்ந்த ரொட்டிமேல் ஊற்றி, மேலே ஒரு முட்டை. பள்ளத்துக் குளிர்காலங்களில் அம்மா செய்ததும் அதுதான், முட்டை மட்டும் கிடையாது. வந்தவர்கள் பலகைக்குக் கீழே நின்று நாக்கைத் துருத்திக் கண்ணை உருட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். வரிசையாக நின்று எடுத்தார்கள். ஒரு பெண் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே கேட்டாள்:

"யாருங்க அந்தப் பைத்தியக்காரி? ஏதாவது கதை இருக்குமே?"

"ரொட்டி ஊறிடும், சாப்பிடுங்க," என்றாள் எர்சீலியா.

அன்று மாலை பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தவள், சங்கத்தின் மே மாதத்துப் பெருநடைக்குச் சமைக்க முடியாது என்று சொல்லியனுப்பினாள். பலகையிலிருந்து அந்தப் பெயர் போனால்தான் அடுப்பு எரியும்.

ஊர் அவள் பக்கம் சாய்ந்தது, வயிற்றின் காரணமாக. மதுக்கடை நெல்லோ காப்பியை நகர்த்திவைத்துவிட்டு ரகசியம்போலச் சொன்னான்:

"சங்கத்துக்காரனுங்க தலையில கை வெச்சு உக்காந்திருக்கானுங்க, எர்சீலியா. துல்லியோ பொண்டாட்டி நான் சமைக்கிறேன்னு சொல்லிட்டாளாம்."

"நல்லதுதானே?"

"நல்லதா? அவ சூப்பைக் குடிச்சுட்டு எவன் மேட்டுல ஏறுவான்? கல்லறைக்குள்ளேயே படுத்துக்குவான்."

பல வாரங்களுக்குப் பிறகு எர்சீலியா வாய்விட்டுச் சிரித்தாள்.

பழைய எண்ணெய்ச் செக்குக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். மேயர் லொரெதானா நடுவில் உட்கார்ந்தாள். எர்சீலியாவுக்குச் சபையில் பேசிப் பழக்கமில்லை. எழுந்து நின்று நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க அம்மாவுக்குப் பேரு இருக்கு மேயரம்மா. பால்மிரா. பால்மிரா பாதைன்னு வைங்க. வேற ஒண்ணும் வேணாம்."

துல்லியோ தொண்டையைக் கனைத்தான்.

"நான் தப்பா சொல்லல. ஆனா பால்மிரான்னா என்ன தெரியும் வெளியூர்க்காரனுக்கு? முடி வெட்டுற கடை மாதிரி இருக்கு."

சிலர் சிரித்தார்கள். மேயர் அதட்டினாள், அவள் உதட்டிலும் சிரிப்பு எட்டிப்பார்த்தது.

"அப்ப நீங்களே சொல்லுங்க துல்லியோ. பைத்தியக்காரி வேணாம். அது முடிஞ்சுபோச்சு. எர்சீலியாம்மா மனசு நோகக் கூடாது."

துல்லியோவின் முகம் மெல்ல மலர்ந்தது. "அந்தக் கல்லறையில ஒரு மாடம் இருக்கில்ல? விளக்கு மாடம். கூரைகூடக் கறுப்பா இருக்கு. அங்க ஏதோ பூசை நடந்திருக்கணும். பெண்பூசாரி பாதை. எப்படி?"

"அந்த மாடம் எங்க அம்மா கொத்தினது," என்றாள் எர்சீலியா.

"இருக்கலாம், இருக்கலாம். முன்னாடியே கொஞ்சம் இருந்திருக்கும், உங்க அம்மா பெருசு பண்ணியிருப்பாங்க."

"பெண்பூசாரி," என்று மேயர் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். வாய்க்கு நன்றாக இருந்தது. கைகள் உயர்ந்தன, நெல்லோவின் கையும்தான். கைதட்டல் ஓய்ந்ததும் மேயர் மேசையைச் சுற்றி வந்து எர்சீலியாவின் இரு கன்னத்திலும் முத்தமிட்டாள். "ஜெயிச்சுட்டீங்க!" என்றாள். போகச் சொன்ன பெயர் போய்விட்டது, இனி மாட்டேன் என்று சொல்ல எர்சீலியாவுக்கு வழியில்லை. மே மாதப் பெருநடைக்கு அவள் அடுப்பு மூட்டினாள். கோடையில் புதுப் பலகை வந்தது. அதில் நீள அங்கி உடுத்த ஒரு பெண்ணின் உருவம் கையில் விளக்கோடு நின்றது.

அக்டோபர் நடையன்று சூப்பு கொதிக்க இன்னும் நேரம் இருந்தது. வெளியூர் ஆட்கள் நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு துல்லியோ புறப்பட்டபோது, எர்சீலியா தீயைத் தணித்துவிட்டு அவர்களுக்குப் பின்னால் நடந்தாள். ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. இரண்டு பக்கமும் மூன்று ஆள் உயரத்துக்குப் பாறையை வெட்டிய வழி, சுவரெல்லாம் ஈரப் பாசி, காலடியில் ஊதாப் பூக்கள். அம்மா துடைப்பக் கட்டோடு ஏறி இறங்கிய வழி. தலைச்சுமை இடித்துத் தேய்ந்த ஒரு திருப்பத்தில் கை தானாகப் போய்ப் பாறையைத் தொட்டது.

கல்லறைக்குள் துல்லியோ குரலைத் தாழ்த்தி, பாதிரியார்போல ஆகியிருந்தான்.

"இங்கதான் பெண்பூசாரி தனியா வாழ்ந்தா. ஆண் வாசமே கூடாது. இந்த மாடத்துல விளக்கு அணையவே அணையாது. மேல பாருங்க, ரெண்டாயிரத்து ஐநூறு வருஷத்துப் புகை."

எல்லாரும் அண்ணாந்தார்கள். வெள்ளைத் தொப்பிக்காரர் ஒருவர் கையை உயர்த்திக் கரியைத் தொட்டு, விரலை மனைவியிடம் காட்டினார். அவள் அதைப் படம் எடுத்தாள்.

"அது கீரை வெந்த புகை," என்றாள் எர்சீலியா.

தலைகள் திரும்பின.

"எங்க அம்மா இங்க சமைச்சா. மாடம் அவ கொத்தினது, கோடாலியால. நான் அந்தக் கட்டில்ல படுத்திருந்தேன். அவ பேரு பால்மிரா."

வெள்ளைத் தொப்பிக்காரர் புன்னகைத்தார், குழந்தையைப் பார்ப்பதுபோல. "அருமை," என்றார். துல்லியோ அவள் பக்கம் பார்க்கவில்லை. கூட்டத்தை நோக்கி லேசாகக் குனிந்து, ஆள்காட்டி விரலை நெற்றிப் பொட்டருகே கொண்டுபோய் மெல்லச் சுற்றினான்.

"பாவம், நல்ல மனுஷி," என்றான் தணிந்த குரலில். "சூப்பு பிரமாதமா செய்வா. அவ அம்மாவும் இப்படித்தான்."

ஆஹா என்றொரு மெல்லிய இரக்கம் கூட்டத்துக்குள் பரவியது. அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள்; தேவைக்கு மேலேயே ஒதுங்கினார்கள்.

மேசையருகே வரிசை நின்றபோதும் அப்படித்தான். கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினார்கள், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி நன்றி சொன்னார்கள். "மிக, மிக, சுவை," என்றாள் ஒருத்தி, எர்சீலியாவின் கையைத் தட்டிக்கொடுத்து. எர்சீலியா அவளுடைய பூட்சைப் பார்த்தாள். பிறகு கரண்டியைப் பானைக்குள் விட்டாள், சமையல் மேலங்கியைக் கழற்றி மேசையில் வைத்தாள், பள்ளத்துக்குள் நடக்கத் தொடங்கினாள். வரிசையில் பாதிப் பேர் காய்ந்த ரொட்டிக் கிண்ணத்தோடு நின்றார்கள்.

வெட்டுவழியின் முதல் திருப்பத்தில் துல்லியோவின் குரல் பாறைகளில் மோதி எதிரொலித்து வந்தது.

"எர்சீலியா! ஏய் எர்சீலியா!"

அவள் நின்றாள். அம்மா சொன்னது பொய். பைத்தியத்தையும் திரும்பக் கூப்பிடுகிறார்கள்.

"உப்பு எங்க வெச்சே?"