சிரிப்பு அடங்கும் வரை

ஹெஸ்டர் பிரிம்லி பதினாறு வயதில் லண்டன் மேடைக்கு வந்தபோது தேநீர்த் தட்டை ஏந்திவரும் வேலைக்காரி வேஷம் கொடுத்தார்கள். இருபதில் கல்யாணப் பெண் ஆனாள். மூன்றாம் அங்கத்தில் தினமும் யாராவது ஒருவனுக்கு வாக்கப்பட்டாள். முப்பத்தைந்து தாண்டியதும், கண்ணை மூடித் திறப்பதற்குள் அவளை அத்தையாக்கிவிட்டார்கள். நாடகத்து அத்தைக்கு வேலை ஒன்றுதான். பையனுக்கு வருமானம் என்ன, குடும்பம் எப்படி என்று குடைந்து காதலுக்குக் குறுக்கே நிற்க வேண்டும்; கடைசியில் மனம் இரங்க வேண்டும். ஐம்பது தாண்டிய ஹெஸ்டருக்கு மறுப்பதும் அலுத்துவிட்டது, இரங்குவதும் அலுத்துவிட்டது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் வீங்கிய காலைச் செருப்பிலிருந்து பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

சுவரொட்டியில் அவள் 'திருமதி பிரிம்லி'. அத்தை வேஷம் கட்டுகிறவள் கல்யாணமே ஆகாதவள் என்று தெரிந்தால் பார்ப்பவர்களுக்கு உறுத்துமாம். நாடகக்காரி என்றாலே ஒரு மாதிரியாகப் பார்க்கும் ஊர் அது. அதனால் நிஜத்தில் அவள் ஊரிலுள்ள பாதிரியார் மனைவிகளைவிடக் கறாராக இருந்தாள். எந்த ஆணும் அவளை வீடு வரை கொண்டுவந்து விட்டதில்லை. நல்ல பெயரை இப்படிப் பொத்திப் பொத்திக் காத்து என்ன கண்டாள்? ஆற்றுக்குத் தெற்கே ஒரு வாடகை அறையும், காலையில் ஒரு துண்டு கருவாடும்.

ஆம்ப்ரோஸ் கட்லர் அதே குழுவில் ஓய்வுபெற்ற கர்னல்களாக நடிப்பவர். மனைவி இறந்து பல வருடம் ஆனவர், அதிகம் பேசாதவர். எந்த நாடகமானாலும் சின்னஞ்சிறுசுகளின் காதல் கைகூடிய பிறகு, கர்னல் மண்டியிட்டு அத்தையைக் கல்யாணத்துக்குக் கேட்பார். இளசுகள் கேட்டால் பின்னணியில் வயலின் ஒலிக்கும். கிழடுகள் கேட்டால் சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். எழுதுகிறவர்களுக்கு அப்படி ஒரு கொழுப்பு. கர்னலின் முட்டி மடங்கியதும் சிரிப்பு கிளம்பும். அத்தை விசிறியை விரித்து, முகவாயைத் தூக்கி, அது அடங்கும் வரை அசையாமல் நிற்க வேண்டும். சிரிப்பின்மேல் வசனம் பேசுவது அந்தத் தொழிலில் பெரிய குற்றம். மண்டியிட்டிருக்கும் ஆம்ப்ரோசுக்கு அவளுடைய பாவாடை விளிம்புதான் தெரியும். இத்தனை வருடத்தில் அந்த நேரத்து அவள் முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அவளுடைய அறைக்கு வந்தார். ஆண் வந்தால் கதவு திறந்திருக்க வேண்டும் என்பது வீட்டுக்கார அம்மாள் டாகெட்டின் சட்டம். டாகெட்டே நடைவழியில் நாற்காலி போட்டு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ஆம்ப்ரோஸ் உட்காரவில்லை. வடக்கத்தி ஊர்களில் சுற்றும் ஒரு குழு தன்னைக் கூப்பிடுவதாகவும், திங்கட்கிழமை ஆட்டம் முடிந்ததும் பதில் சொல்ல வேண்டும் என்றும், போனால் இனித் திரும்புவதில்லை என்றும் சொன்னார். பிறகு தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே கேட்டார்.

"எனக்குப் போக இஷ்டமில்லைங்க. நீங்க என்னைக் கட்டிக்கிறீங்களா?"

ஹெஸ்டரின் மனசு சரி என்று எப்போதோ சொல்லிவிட்டது. ஆனால் முகவாய் தானாகத் தூக்கிக்கொண்டது. உடம்பு அசையாமல் நின்றது. அவள் காத்திருந்தாள். அடுப்பில் கெட்டில் முனகியது. நடைவழியில் உருளைக்கிழங்குத் தோல் விழுந்தது. எதற்காக நிற்கிறோம் என்று அவளுக்கு உறைப்பதற்குள் ஆம்ப்ரோஸ் முகம் சுருங்கிவிட்டது.

"தொந்தரவு குடுத்துட்டேன். மன்னிச்சிருங்க" என்று படியிறங்கிவிட்டார்.

"ஏம்மா, மனுசன் அழுவாத குறையாப் போறாரே, வாயத் தொறந்து ஏதாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள் டாகெட்.

ஹெஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து தன்னையே திட்டிக்கொண்டாள். ஓடிப்போய்ச் சொல்லலாம்தான். ஆனால் ஒரு பெண் ஆணின் இருப்பிடம் தேடிப் போனால் ஊர் என்ன சொல்லும் என்று அவளே அத்தையாக நின்று எத்தனை பெண்களுக்கு மேடையில் பிரசங்கம் செய்திருக்கிறாள்! மறுநாள் கொட்டகையில் அவரைத் தனியாகப் பிடிக்கப் பார்த்தாள். ஆண்கள் ஒப்பனை செய்யும் பக்கம் பெண்கள் போகக்கூடாது. அவரோ தன் கட்டம் வரும்வரை வெளியே தலைகாட்டவில்லை.

மூன்றாம் அங்கம். கர்னலின் முட்டி மடங்கியது. தினம் கேட்கும் அதே கேள்வியை அவர் கேட்டார், குரலில் உயிரில்லை. சனம் சிரிக்க ஆரம்பித்தது.

"சம்மதம்" என்றாள் ஹெஸ்டர். விசிறி மூடியபடியே இருந்தது.

பாதியில் சிரிப்பு அறுந்தது. ஆம்ப்ரோஸ் திகைத்துப்போய் நிமிர்ந்து, அந்தக் கட்டத்தில் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். மேல்மாடியிலிருந்து ஒருவன் கத்தினான்: "கேக்கல பாட்டி, இன்னொரு தடவ சொல்லு."

"சம்மதம்னு சொன்னேன்" என்றாள் அவள், கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி. கூரை அதிரச் சிரித்தார்கள். வாழ்நாளெல்லாம் அவள் வெறுத்த அதே சிரிப்பு. அன்று அது அவளைத் தொடவில்லை.

திரை இறங்கியதும் மேனேஜர் பாஸ்கோ பாய்ந்து வந்து, இத்தனை வருட அனுபவம் இருந்தும் கத்துக்குட்டி மாதிரி சொதப்பினாள் என்று பொரிந்து தள்ளிவிட்டுப் போனார். ஆம்ப்ரோஸ் மட்டும் அங்கேயே நின்றார்.

"கொஞ்சம் முந்திட்டீங்க" என்றார் மெதுவாக.

"இல்லங்க, பிந்திட்டேன். நேத்தே சொல்லியிருக்கணும். சிரிப்பு அடங்கட்டும்னு நின்னுட்டேன்."

"அங்க யாரும் சிரிக்கலையே."

"அதான் எனக்குத் தெரியாமப் போச்சு" என்றாள் ஹெஸ்டர். அதற்குமேல் நிற்க முடியாமல், மேடை சோபாவில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

ஆம்ப்ரோஸ் முட்டியைத் தேய்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார். வடக்கே தனக்குக் குளிர் ஆகாது என்று அந்தக் குழுக்காரரிடம் சொல்லிவிடப் போவதாகச் சொன்னார்.