சரிந்த சட்டத்தில் நேரான குடும்பம்

படத்தைச் சரித்துப் போட்டால் அழகு என்று லண்டன் தமிழருக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுத்த புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் வீட்டு வாசலில் நின்று நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். தொண்ணூறுகளின் நடுவில் அது காய்ச்சல் மாதிரிப் பரவியது. பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்தியவீட்டு மலர், தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டு மலர், கடைத் திறப்புவிழா நோட்டீஸ், எதை எடுத்தாலும் உள்ளே இருந்தவர்கள் கப்பலில் நிற்பதுபோல ஒருபக்கம் சரிந்துதான் நின்றார்கள்.

நான் அப்போது கோலியர்ஸ் வுட்டில் ஒரு தமிழ் அச்சகத்தில் பக்கம் அமைக்கிறவள். அச்சகம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். முன்னால் மரக்கறிக் கடை, பின்னால் ஓர் அறை, அந்த அறையில் நானும் ஒரு கம்ப்யூட்டரும் முருங்கைக்காய்ப் பெட்டிகளும். முதலாளியை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் “ஓம், செய்யலாம்” என்பது அவருடைய வேலை. அதைச் செய்வது என்னுடைய வேலை. இந்த வேலைப் பங்கீடு எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

எண்பதுகளில் நான் அங்கே சேர்ந்தபோது கத்திரிக்கோலும் பசையும்தான். படத்தில் ஒருவர் வேண்டாமென்றால் வெட்டினோம். வெட்டுப்பட்டவர் குப்பைக் கூடைக்குள் போனார், கதை முடிந்தது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதில் படம் தானாகப் பக்கத்தில் வந்து உட்காராது. முதலில் ஒரு சட்டம் வரையவேண்டும், படம் அந்தச் சட்டத்துக்குள் இருக்கும். ஜன்னல் மாதிரித்தான். ஜன்னலைச் சின்னதாக்கினால் வெளியே நிற்கிற ஆள் தெரியமாட்டார், ஆனால் அவர் எங்கேயும் போய்விடவில்லை. இன்னொரு கூத்தும் உண்டு. சட்டத்தைச் சரித்தால் உள்ளே இருக்கிற படமும் கூடவே சரியும். ஆட்கள் நேராக நிற்கவேண்டுமென்றால், சட்டத்தை இடப்பக்கம் எவ்வளவு சரித்தோமோ அவ்வளவுக்கு உள்ளே படத்தை மட்டும் வலப்பக்கம் திருப்பவேண்டும். இதை அண்ணைக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாட்டைத் தனிப் புத்தகமாக எழுதலாம்.

ஒரு சனிக்கிழமை, கணவனும் மனைவியுமாக இருவர் வந்தார்கள். ஐயாவுக்கு அறுபது வயதாகப்போகிறது, மணிவிழா மலர் அடிக்கவேண்டும். கவுன்சிலில் கணக்குப் பகுதியில் உத்தியோகம். கழுத்தில் ரை கட்டாமல் மரக்கறிக் கடைக்குக்கூட வராத மனிதர். அம்மா ஒரு குடும்பப் படத்தைக் கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். சில வருடங்களுக்கு முன் ஸ்டூடியோவில் எடுத்தது. ஐயாவும் அம்மாவும் கதிரையில் இருக்கிறார்கள், பின்னால் இரண்டு மகன்கள், வலப்பக்க ஓரத்தில் மூத்த பிள்ளையான மகள். அவளுடைய கை அம்மாவின் தோளில் இருந்தது. புதிதாக ஒரு படம் எடுக்கலாமே என்று கேட்டேன். மகன் ஒருவன் கனடா போய்விட்டான் என்றார் ஐயா. அந்தப் படத்தில் அவருடைய தலைமயிர் முழுக்கக் கறுப்பு என்ற மற்றக் காரணத்தை நானே கண்டுபிடித்துக்கொண்டேன்.

“இதிலை நாங்கள் நாலுபேர்தான் வரவேணும்” என்றார் ஐயா, மகளின் முகத்துக்கு மேலே விரலை நீட்டி, தொடாமல்.

ஏன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. டூட்டிங்கிலிருந்து மோர்டன் வரைக்கும் அந்தக் கதை தெரியாத தமிழர் இல்லை. மகள் மன்னார்ப் பெடியன் ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு லண்டனின் மறுகோடியில், ஆர்ச்வேயில் குடியிருந்தாள். நல்ல வேலை, குடி இல்லை, சூது இல்லை. குறையென்று சொல்ல அவன் கழுத்தில் கிடந்த ஒரு சின்னச் சிலுவைதான். ஐயா படித்ததே பாதிரிமார் பள்ளிக்கூடத்தில். தன்னுடைய ஆங்கிலத்தைத் தானே மெச்சும்போதெல்லாம் அந்தப் பாதிரிமாரை நன்றியோடு நினைப்பாராம். மருமகன் என்று ஒருவன் வந்தபோதுதான் அந்தப் பாதிரிமாரும் கிறிஸ்தவ வேதக்காரர் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

ஆர்ச்வேயில் முருகன் கோயில் இருக்கிறது. ஐயா அங்கே பழைய தொண்டர், வெள்ளிக்கிழமை தவறாதவர். மகள் அந்தப் பக்கம் குடிபோன நாளிலிருந்து அவர் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். காரணம் கேட்டால் அங்கே கார் நிறுத்த இடமில்லை என்பார். அன்றைக்கு எங்கள் கடை வாசலில், நிறுத்தக்கூடாத மஞ்சள் கோட்டில் காரை விட்டுவிட்டு உள்ளே நின்றபடிதான் இதையும் சொன்னார். கோலியர்ஸ் வுட்டில் ரயில் ஏறினால் மாறாமலே ஆர்ச்வேயில் போய் இறங்கலாம் என்று என் வாய்வரை வந்தது. அண்ணை என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் படத்தை ஸ்கேன் செய்யப் போனேன்.

சட்டத்தின் வலது ஓரத்தை உள்ளே இழுத்தேன். மகள் மறைந்தாள். அவளுடைய கையும், அம்மாவின் தோளில் ஒரு நுனியும் கூடவே மறைந்தன. ஐயாவுக்குத் திருப்தி. அந்த நேரம் பார்த்து வெளியே பார்க்கிங் வோர்டனின் தொப்பி தெரிந்தது, ஐயா ஓடினார்.

அம்மா அதுவரை வாயே திறக்கவில்லை. இப்போது கதிரையை என் பக்கம் இழுத்தார். வெட்டின துண்டைத் தனக்குத் தரமுடியுமா என்று கேட்டார். பாவம், அவருடைய கணக்கில் அது இன்னும் கத்திரிக்கோல் காலம். வெட்டவில்லை அம்மா, மறைத்துத்தான் இருக்கிறேன் என்று சொல்லி, சட்டத்தின் ஓரத்தைத் திரும்ப வெளியே இழுத்துக் காட்டினேன். கை வந்தது, தோள் வந்தது, முகம் வந்தது. மறுபடி உள்ளே தள்ளினேன், மறைந்தாள்.

“அப்ப அவள் உள்ளுக்குத்தான் நிக்கிறாள்” என்றார் அம்மா.

“ஓம் அம்மா. உள்ளுக்குத்தான்.”

இன்னொருதரம் இழுத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். பெற்ற பிள்ளையைப் பார்க்க இந்த மனுசி என்னுடைய கம்ப்யூட்டருக்கு முன்னால் வந்து இருக்கவேண்டிக் கிடக்கிறதே என்று கோபம் வந்தது. ஐயா திரும்பி வரும் சத்தம் கேட்டதும் அம்மாவே கையால் சைகை காட்டினார். நான் ஓரத்தை உள்ளே தள்ளிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஐயா ஒரு மலரைக் கையில் உருட்டிப் பிடித்துக்கொண்டு அம்மாவோடு வந்தார், முகம் சரியில்லை. மனைவியின் தங்கை புருசன், அதாவது அவருடைய சகலன், ஹரோவில் சொந்த வீடும் பெரிய தோட்டமுமாக இருக்கிறவர். அவருக்குப் போன மாதம் மணிவிழா நடந்தது. அவருடைய மலரில் படங்களெல்லாம் வலப்பக்கம் சரிந்து நின்றன. எங்களுடைய நேரான பக்கத்தைப் பார்த்துவிட்டு ஐயா, இது கவுன்சில் அறிக்கை மாதிரிக் கிடக்கு என்றார். சரிக்கவேண்டும், ஆனால் இடப்பக்கம் சரிக்கவேண்டும். வலப்பக்கம் சரித்தால் சகலனைப் பார்த்துக் கொப்பி அடித்ததென்று ஆட்கள் கதைப்பார்களாம்.

“ஓம், செய்யலாம்” என்று அண்ணை மரக்கறிகளுக்கு நடுவிலிருந்து குரல் கொடுத்தார்.

சட்டத்தை இடப்பக்கம் சரித்தேன். நான் சொன்னபடியே படமும் சேர்ந்து சரிந்தது. ஐயா கதிரையோடு கவிழப்போகிறவர்போலத் தெரிந்தார். அவருக்கு வந்ததே கோபம். மணிவிழாவுக்குப் படம் கேட்டால் விழுந்து கிடக்கிற மாதிரிப் போடுவதா என்று அறை அதிரக் கேட்டார். சட்டம் சரியவேண்டும், ஆட்கள் சரியக்கூடாது, அதுதான் அவருக்கு வேண்டியது. இந்த ஊரில் நம்மவர்கள் எல்லோருக்கும் வேண்டியதும் அதுதானே என்று எண்ணிக்கொண்டு, உள்ளே படத்தை மட்டும் மறுபக்கம் திருப்பி நேராக்கினேன். ஐயா நிமிர்ந்தார். ஆனால் அவருடைய கறுப்புத் தலைமயிருக்குப் பக்கத்தில், இடது மூலையில், வெள்ளையாக ஒரு முக்கோணம் விழுந்தது. சரிந்த சட்டத்தின் மூலை படத்தின் ஓரத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது. அதை மறைக்க இரண்டு வழி. படத்தைப் பெருப்பிக்கலாம், ஆனால் ஐயாவின் உச்சந்தலை வெட்டுப்படும். அந்த யோசனையை அவர் காதால் கேட்கவும் விரும்பவில்லை. மற்ற வழி, படத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் இழுப்பது.

இழுத்தேன். வெள்ளை மூலை நிரம்பியது. அதே இழுவையில் வலப்பக்கம் மறைந்திருந்த கொஞ்சம் உள்ளே வந்தது. சரிந்த ஓரம் மேலே மகளின் முகத்தை மறைத்தது, கீழே அவளுடைய கையை விட்டுவிட்டது. இரண்டு வளையலோடு அம்மாவின் தோளில் ஒரு கை. யாருடைய உடம்போடும் சேராத கை.

ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன்னுடைய தலையைச் சுற்றிலும் பார்த்தார். முக்கோணம் இல்லை. தலைமயிர் முழுசாக இருந்தது. சரி, அடியுங்கோ என்றார். படத்தின் மற்றப் பாதியை அவர் பார்க்கவே இல்லை. நான் வாயைத் திறக்கமுதல் வெளியே யாரோ ஹோர்ன் அடித்தார்கள், மனிதர் காரைப் பார்க்கப் பறந்துவிட்டார்.

அம்மா பார்த்திருந்தார். எழுந்து வந்து, தொடலாமோ தொடக்கூடாதோ என்று தெரியாதவர்போல, கம்ப்யூட்டர் கண்ணாடியில் அந்தக் கையின்மேல் ஒரு விரலை வைத்தார்.

“பிள்ளை, இதை இப்பிடியே விடுங்கோ.”

“ஐயா பேசுவார் அம்மா.”

“பேசட்டும். எனக்குப் பழக்கம்தானே.”

அப்படியே விட்டேன். அடித்தோம்.

மலர் அடித்தவர்கள் என்று எங்களுக்கும் அழைப்பு வந்தது. டூட்டிங்கில் ஒரு மண்டபம். ஐயா பட்டு வேட்டி கட்டி, மாலையோடு அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். பேசியவர்கள் எல்லோரும் அவருடைய நேர்மையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு மலரைக் கொடுத்தார்கள். நான் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு சனங்களைப் பார்த்தேன். ஒவ்வொருவராகப் பக்கத்தைப் புரட்டுவதும், ஓரிடத்தில் நிற்பதும், பக்கத்தில் இருப்பவரை முழங்கையால் இடிப்பதும் தெரிந்தது. எல்லோருக்கும் விளங்கியது. நம்மவர்கள் நாகரிகமானவர்கள், ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. குசுகுசுத்தார்கள்.

ஹரோச் சகலன்தான் போட்டு உடைத்தார். இடப்பக்கச் சரிவு அவருடைய கண்ணைக் குத்தியிருக்கவேண்டும். மலரைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, மேடைக்குக் கேட்கும்படி, “சகலன், இது ஆரின்ரை கை?” என்றார்.

ஐயா மலரை வாங்கிப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். அம்மா நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், தலையைக் குனியவில்லை. ஐயா மலரை மூடினார். எல்லாரும் சாப்பிடுங்கோ என்றார். அண்ணை பாயசத்தைக்கூடக் குடிக்காமல் என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

புதன்கிழமை பின்னேரம் ஐயா கடைக்கு வந்தார். தனியே, ரை கட்டி, கையில் மலரோடு. வாசலில் கார் இல்லை. அவரைக் கண்டதும் அண்ணை வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டார். நான் தயாராகத்தான் இருந்தேன். எனக்கும் வாய் இருக்கிறது. இரண்டு நாளாக மனதுக்குள் பதில்களை அடுக்கி வைத்திருந்தேன்.

ஐயா மலரை விரித்து மேசையில் போட்டார்.

“இந்தக் கை ஆரின்ரை?”

“உங்கடை மகளின்ரை ஐயா.”

“அது எனக்குத் தெரியும். ஆள் எங்கை?”

எனக்கு விளங்கவில்லை.

“ஒரு பிள்ளையின்ரை கையை மட்டும் போட்டிட்டு, ஆளை விட்டிருக்கிறியள். இதென்ன வேலை தங்கச்சி? செய்தா ஒழுங்காச் செய்யவேணும்.”

அடக் கடவுளே! எனக்கு உச்சியில் ஏறியது. நாலுபேர்தான் வரவேணும் என்று விரல் நீட்டியது யார்? அடுக்கி வைத்த பதில்கள் எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தன. அவருடைய முகத்தைப் பார்த்தேன். சவரம் செய்யாத முகம். ரை மட்டும் ஒழுங்காக இருந்தது. அந்த மனிதரால் அதற்குமேல் ஒரு சொல்கூட இறங்கி வர ஏலாது என்று தெரிந்தது. என் பிறவியிலேயே முதல்தடவையாக, செய்யாத பிழையை ஒத்துக்கொண்டேன்.

“பிழைதான் ஐயா. இப்ப சரிப்பண்ணலாம்.”

“ஓம், செய்யலாம்” என்றது வெங்காய மூட்டை.

பக்கத்தைத் திறந்து, சட்டத்தின் வலது ஓரத்தை வெளியே இழுத்தேன். வளையலுக்குப் பின்னால் முழங்கை வந்தது, சட்டைக்கை வந்தது, கழுத்து வந்தது, கடைசியில் முகம். ஐயா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். இந்தமுறை தன்னுடைய தலையைப் பார்க்கவில்லை.

“சிரிக்கிறாள்” என்றார்.

சட்டத்தையும் நேராக்கிவிடட்டுமா என்று கேட்டேன். அது சரிஞ்சபடி கிடக்கட்டும், ஆக்கள் நேராத்தானே நிக்கினம் என்றார். அந்தப் பக்கம் மட்டும் தடித்த தாளில் இரண்டு கொப்பி வேண்டுமென்றார். ஒன்று வீட்டுக்கு என்றார். மற்றதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தபாலில் போடுவதென்றால் மட்டை வைத்துக் கட்டித் தருகிறேன் என்றேன்.

“தபால் வேண்டாம். மடிச்சுப்போடுவாங்கள். பொலித்தீன் பையிலை போட்டுத் தாங்கோ, மழை தூறுது.”

போட்டுக் கொடுத்தேன். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவுவரை போனவர் திரும்பினார். கோயிலுக்குப் போன காலமெல்லாம் காரில் போய்வந்த மனிதர்.

“தங்கச்சி, ஆர்ச்வேக்கு ரயில் மாறவேணுமோ?”

“தேவையில்லை ஐயா” என்றேன். “நேரே போகலாம்.”